அன்பினால் தரப்பட்ட வழி

மாரிமழை மூன்று நாள் விடாது பொழிந்து ஓய்ந்து, செம்மண் தோட்டங்களில் நீர் தேங்கி, வெங்காயத் தாள்கள் தலைசாய்ந்து கிடக்க, பனந்தோப்புக்களின் மேலே முகம் காட்டலாமா வேண்டாமா என்று கதிரவன் எண்ணிக்கொண்டிருந்த கார்த்திகைத் திங்களின் ஒரு ஞாயிறு காலை. யாழ்ப்பாணத்து உடுவிலுக்குக் கிழக்கே, கிணறுகளும் கிளுவை வேலிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் சிற்றூர் ஒன்றிலே, மருதனார்மடத்துச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிய வண்டிகள் போய் முடிந்த வேளையில், மேற்கிலிருந்து காற்றில் மிதந்துவந்த ஆஞ்சநேயர் கோயில் மணியோசைக்கு மறுமொழி கூறுவதுபோல், பழமை வாய்ந்த சிறு தேவாலயம் ஒன்றின் மணியும் ஒலிக்கத் தொடங்கியது. அவ்விரு மணிகளும் தம்முள் பூசலிட்டதாக அவ்வூரில் எவரும் கேள்விப்பட்டதில்லை. அங்கே பூசலெல்லாம் வேலிகளால் வருவன; உயிரை விட்டாலும் விடுவர், ஒரு சாண் எல்லையை விடார்.

மணியோசை கேட்டதும் அங்கி அணிந்து பீடத்தின் அருகே நிற்கவேண்டிய போதகர் றொபின், அன்று அங்கியைக் கையிலே மடித்து வைத்தபடி ஆலய முகப்பில் நின்று, சுவரோரம் ஆளின்றி இருந்த சக்கர நாற்காலி ஒன்றையே நோக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போக வழியில்லாத நாற்காலி அது. அவ்வழியை அடைத்தது பகைவர் எவருமல்லர், தாம் கைப்பட எழுதிய எழுத்தே என்பதை அவர் அறிவார். கற்றறிந்த பெருமக்களே, நல்லெண்ணம் ஒன்று எவ்வாறு மதிலாக எழுந்தது என்பதைச் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

அந்த நாற்காலிக்கு உரியவள் ஜெசிதா. போர் முடிந்த ஆண்டிலே வன்னி மண்ணில் வீழ்ந்த எறிகணை ஒன்று அவள் தந்தையின் உயிரையும், ஐந்து அகவையே நிரம்பியிருந்த அவளுடைய கால்கள் இரண்டையும் கொண்டுபோயிற்று. எஞ்சிய மகளை மார்போடு அணைத்துக்கொண்டு இவ்வூர் வந்து சேர்ந்த தாய் நல்லம்மாவுக்குத் திருச்சபை தன் நிலத்தில் ஒரு துண்டை நல்கியது. அத்துண்டுக்குத் தெருவிலிருந்து செல்லும் வழி, ஓய்வுபெற்ற அதிபரும் சபையின் மூப்பருமாகிய இராசசிங்கத்தின் காணிக்குள், அதன் ஓரமாகக் கிடந்தது. பதினைந்து ஆண்டுகள் அவ்வழியே நாற்காலி உருண்டது. தையல் பயின்று மருதனார்மடத்துத் தையற்கடையில் வேலைக்கு அமர்ந்த ஜெசிதாவை ஏற்றிச்செல்ல முச்சக்கர வண்டி நாள்தோறும் அவ்வழியே வந்தது. தாயையும் மகளையும் அந்தத் தையலே வாழவைத்தது.

சென்ற ஆண்டு இராசசிங்கம் வேலி அடைத்தபோது, புதிதாக நட்ட கதியால் கம்புகள் ஒரு முழம் வழிக்குள் வந்துவிட்டன. அவரைத் தீயவர் என்று சொல்ல என் நா எழாது. ஊரிற் பாதிப்பேருக்கு எழுத்தறிவித்தவர் அவர். ஆயினும் வேலி என்று வந்துவிட்டால் யாழ்ப்பாணத்து நல்லவர்களுக்கும் கண் சற்று மங்கிவிடும். நாற்காலி கதியால்களுக்கிடையே இறுகி நின்றது. வண்டி உள்ளே வர மறுத்தது. பலமுறை கேட்டும் பயனின்றி நல்லம்மா பிணக்குத் தீர்க்கும் அரசின் இணக்கசபையில் முறையிட்டாள். ஒரே சபையார் இருவர் பிறர்முன் வழக்காடுவதா என்று ஊர் சிரிக்கத் தொடங்கியது. அச்சிரிப்பு எல்லாரிலும் மேலாகப் போதகரைச் சுட்டது.

அத்திருச்சபையில் ஒரு வழக்கம் உண்டு. திருவிருந்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளியன்று ஆயத்த ஆராதனை நிகழும். மனத்தாங்கல் உள்ளோர் அங்கே எல்லார் முன்னும் கைகொடுத்து ஒப்புரவான பின்னரே அப்பத்திலும் கிண்ணத்திலும் பங்கு பெறுவர். அவ்வெள்ளிக்கிழமை, மேசைவிளக்கின் கீழ் அமர்ந்து, தாம் கற்ற தமிழின் அழகெல்லாம் சேர்த்து நல்லம்மா ஒப்பமிடும்படி ஓர் இணக்கக் கடிதத்தை றொபினே எழுதினார். "இவ்வழியின்மேல் உரிமை எதனையும் யான் கோரேன், உடன்பிறப்பின் அன்பினால் அது எனக்குத் தரப்படுகின்றது" என்பது அதன் உயிரான வரி. எழுதிய கையைத் தாமே முத்தமிடலாம்போல் இருந்தது அவருக்கு.

நல்லம்மா கடிதத்தை இருமுறை வாசித்தாள். "உரிமை இல்லை எண்டு எழுதத்தான் வேணுமோ ஐயா?" என்று தயங்கிக் கேட்டாள்.

"உரிமை எண்டு நிண்டால் அது வழக்கு, அக்கா. அன்பு எண்டால் அது உறவு. இராசசிங்கம் மாஸ்ரர் சபைக்கு முன்னாலை வாக்குத் தாறாரல்லோ."

"நீங்கள் சொன்னால் சரி ஐயா" என்று அவள் ஒப்பமிட்டாள்.

கைகள் இணைந்தன, பாடல் ஒலித்தது, முறைப்பாடு மீளப் பெறப்பட்டது, மறுநாளே இராசசிங்கம் ஆள் பிடித்துக் கதியால்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். எட்டுத் திங்கள் அன்பு தன் சொல்லைக் காத்தது. அதன்பின், கடல் கடந்து வாழும் அவருடைய மக்கள், முன்னமே தம் பெயருக்கு மாறியிருந்த அக்காணியை விற்றுவிட்டார்கள். வாங்கியவரும் வெளிநாட்டில் வாழ்பவர். இவ்வூரில் எவரோடும் கைகொடுத்து அறியாதவர். தெருமுனையிலிருந்து பின்னெல்லை வரை ஆளுயரத்துக்குக் கல்மதில் எழுந்தது. தடுக்கச் சென்றவர்களுக்கு மேசன் காட்டியது, இராசசிங்கம் காணி உறுதிப் பத்திரங்களோடு சேர்த்துக் கட்டிக்கொடுத்த அக்கடிதத்தின் படியைத்தான்.

றொபின் இராசசிங்கத்தின் வாசலுக்கு ஓடினார். அம்முதியவர் ஊன்றுகோலைப் பற்றியபடி, "என்ரை கையிலை என்ன இருக்கு ஐயா? பிள்ளையள் எழுதிக் குடுத்துப்போட்டாங்கள். என்ரை வாக்கு என்னோடை, காணி அவங்களோடை" என்று சொல்லி அழுதார். அழும் ஒருவரைக் கடிந்துகொள்ளவும் றொபினால் இயலவில்லை.

பின்னர் வழக்கறிஞர் குணலட்சுமியிடம் சென்றார். அவ்வம்மையார் கடிதத்தை முற்றாக வாசித்துவிட்டுப் பெருமூச்செறிந்தார். "பதினைஞ்சு வருசம் நடந்த பாதை. பத்து வருசம் தாண்டினாலே சட்டத்திலை உரிமை கேக்க இடமிருந்திருக்கும். இப்ப அவவே உரிமையில்லை எண்டு எழுதிக் குடுத்திருக்கிறா. வழக்குப் போடலாம் ஐயா. வருசக்கணக்கா இழுபடும், வெல்லுமெண்டு சொல்லமாட்டன். ஆரோ நல்லாத் தமிழ் தெரிஞ்சவர் எழுதியிருக்கிறார்."

"ஓம். நான்தான் எழுதினனான்" என்றார் றொபின். அவ்வம்மையார் கடிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

மதில் எழுந்தபின் வெளியேற எஞ்சியது பின்புறத்து வயல்வரம்பு ஒன்றே. மாரியில் அது வழுக்கும். நாற்காலி அதில் உருளாது. நாற்காலியை ஆலய முகப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று போதகர் இடம் கொடுத்தார். கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லை. ஐம்பதைக் கடந்த தாய், இருபத்தோரு அகவை மகளை முதுகிற் சுமந்து, கால் மைல் சேற்றைக் கடந்து கொணர்ந்து அதில் இருத்துவாள். இவ்வாறு பிந்திப் பிந்திச் சென்ற ஜெசிதாவின் இடத்தில், தையற்கடைக்காரர் ஐப்பசியிலேயே வேறொருத்தியை அமர்த்திவிட்டார். அவரையும் நாம் குறை சொல்வதற்கில்லை. யாரையுமே குறை சொல்லமுடியாதபடி நேர்ந்த அநீதியைப்போல் கொடியது வேறெது?

இதோ, இந்த ஞாயிறு மீண்டும் திருவிருந்து ஞாயிறு. முதற்பாடல் முடியும் தறுவாயில் முழங்கால் வரை சேறு பூசிய நல்லம்மா வந்து, மகளை நாற்காலியில் இருத்தி, அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஒருவரையொருவர் வாழ்த்தும் நேரம் வந்தபோது, வழக்கம்போல் இராசசிங்கத்தை நாடிச்சென்று தன் கையை முதலில் நீட்டினாள். அவர் அக்கையை விடமாட்டாமல் நெடுநேரம் பற்றிக்கொண்டு நின்றார்.

அவள் பீடத்தண்டை வந்து முழந்தாளிட்டபோது, அப்பத்தை ஏந்திய றொபினின் கை பாதிவழியில் நின்றுவிட்டது. அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அப்பத்தை மறுத்திருந்தால் அதுவே நீதி என்று தலைகுனிந்திருப்பார். நல்லம்மாவோ அவருடைய தவிப்பைக் கண்டு, பிறர் செவிக்கு எட்டாத குரலில், "தாங்கோ ஐயா. நான் ஒருத்தரோடையும் கோவமில்லை. உங்களோடையும் இல்லை" என்றாள். அவர் கொடுத்தார். வாழ்நாளில் அவ்வளவு பாரமான எதனையும் அவர் கை சுமந்ததில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்தபின், முகப்பிலே நல்லம்மா மகளின் முன் முதுகு காட்டிக் குனிந்தாள். றொபின் விரைந்து வந்து, "பொறுங்கோ அக்கா, இண்டைக்கு நான் தூக்கிக்கொண்டு வாறன்" என்றார்.

ஜெசிதா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அப்பார்வையில் சினம் சிறிதும் இல்லை. "வேண்டாம் ஐயா. இண்டைக்கு நீங்கள் தூக்குவியள். நாளைக்கும் அம்மாதானே தூக்கவேணும்?"

அவர் விலகி வழிவிட்டார். விட அவரிடம் இருந்த வழி அது ஒன்றுதான். வரம்பின்மேல் ஓரடி வைத்து, நிலைத்து, மறு அடி வைத்துச் சென்ற அவ்விருவரும் மதிலின் பின்னே மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்பு உயர்ந்தது என்பதை யார் மறுப்பர்? ஆனால் வறியவரிடம் உரிமையைக் கைவிடச் சொல்லி அதன்மேல் எழுப்பும் அமைதி, அடித்தளம் தோண்டாமற் கட்டிய மாடம். றொபின் அதனைத் தூய உள்ளத்தோடுதான் கட்டினார். அது சரிந்தபோது அதன் கீழ் அகப்பட்டவர் அவரல்லர். மழை மீண்டும் தூறத் தொடங்கியது. நாற்காலி நனையாதபடி அவர் அதனை மெல்ல உள்ளே தள்ளி வைத்தார். அவரால் இயன்றது அவ்வளவே.