ஃபியூஸுக்குப் பதில் கம்பி

மச்சான் யுபிஎஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வருவதற்கு முன்பே எரிந்த நாற்றம் வந்துவிட்டது.

"அப்பா வீட்டு யுபிஎஸ், அத்தான். ஃபியூஸ் போச்சு. நான்தான் கம்பி வெச்சேன்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஃபியூஸ் போனால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். அந்த இடத்தில் கம்பியைச் செருகுவது, குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறப்பது மாதிரி. வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒன்று சொன்னால் ஒன்பது பேசுகிறவன், அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அக்கா கேட்டாலும் நான்தான்னே சொல்லிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கே அவன் அக்காவான என் மனைவியும் தம்பியை போனில் வறுத்தெடுத்தாள்.

பெட்டியைத் திறந்தேன். போர்டின் ஒரு மூலை கட்டைவிரல் அகலத்துக்குக் கரியாகிக் கிடந்தது. எரிந்த பாகத்தை மாற்றினால் மட்டும் போதாது. கரியிலும் கரண்ட் ஓடும். மிச்சம் வைத்தால் மறுபடி எரியும். போர்டுக்குள் இருக்கும் வெளிறிய கண்ணாடி நார் தெரியும்வரை பிளேடால் சுரண்டினேன். போர்டில் ஓட்டையே விழுந்துவிட்டது. ஓட்டையைச் சுற்றி வயர் இழுத்து, ஈயம் வைத்து, அறுந்த செம்புத் தடங்களைச் சேர்த்தேன். என் கோபமெல்லாம் இந்த மாதிரி வேலையில்தான் அடங்கும்.

கடைசியாகப் பின்பக்க ஃபியூஸ் கூட்டிலிருந்து கம்பியை உருவினேன். செம்புக் கம்பி. நெருக்கமான முறுக்கு, நுனி குத்தாமலிருக்க அதை உள்ளே மடித்து ஒரு குட்டி வளையம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாமனாரின் மூக்குக் கண்ணாடிக் காலில் இதே வளையம் இருக்கிறது. அவர் வீட்டுக் கேட் கொண்டியிலும் இருக்கிறது. மச்சானுக்கோ ரிமோட்டில் செல்லை எந்தப் பக்கம் போடுவதென்றே தெரியாது.

போன் போட்டேன். "டேய், உண்மையைச் சொல்லு. இது உன் அப்பா கைவேலைதானே?"

"கம்ப்யூட்டர்ல செஸ் ஆடிட்டிருந்தாராம், அத்தான். ஃபியூஸ் போய், யுபிஎஸ் பேட்டரியில ஓடி, கீ கீன்னு கத்தியிருக்கு. அணைஞ்சிடுமோன்னு கையில கிடைச்ச கம்பியைச் செருகிட்டார். ஜெயிக்கிற ஆட்டமாம்."

"ஜெயிச்சாரா?"

"அதுக்குள்ள புகை வந்துடுச்சு."

சிரிப்பு வந்தது; புகையை நினைத்ததும் அடங்கியது. மாமனார் தனியாக இருக்கிறார்; தன் வீட்டில் தனியாக இருக்கத்தான் அவருக்கு ஆசை. போன மாதம் ஏணியில் ஏறி பல்பு மாற்றப் போய் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். "இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்துச்சுன்னா, வீட்டைப் பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும்" என்று என் மனைவி அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதற்காகத்தான் மச்சான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். பையனைத் திட்டியது எனக்கே உறுத்தியது.

ஆனால் சும்மா மூடி மறைத்தால் அடுத்த தடவை வீடே எரியும். ஃபியூஸ் கூட்டையே கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ட்ரிப் பட்டன் வைத்தேன். கோளாறு என்றால் அது தானாக வெளியே துள்ளும். ஒருமுறை அமுக்கி, மறுபடி ஓடுகிறதா என்று பார்க்கலாம். கம்பி செருக இடமே கிடையாது.

கம்பியைச் சட்டைப்பையில் போட்டது மறந்துபோனது. சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, இதுதான் அந்த யுபிஎஸ்ல இருந்த கம்பியா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "ஆமா" என்றேன்.

வளையத்தில் விரல் நுனியை வைத்துத் திருப்பினாள். "ஸ்கூல் பை வார் அறுந்தா அப்பா இப்படித்தான் கட்டித் தருவார். என் கையைக் கிழிச்சிடக் கூடாதுன்னு நுனியை மடிச்சு விடுவார்."

மாமனார் வீட்டுக்குப் பூட்டு விழுந்தது என்றே நினைத்தேன். அவசர அவசரமாக பட்டன் கதையைச் சொன்னேன். இனிமேல் அவரால் எதுவும் செருக முடியாது, ஆபத்தே இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"அந்த பட்டன் பெட்டிக்குப் பின்பக்கமா இருக்கு?"

"ஆமா."

"முன்பக்கம் மாத்திக் குடுங்க" என்றாள். "அப்பாவால அவ்வளவு தூரம் குனிய முடியாது."