நீங்க என்றால் எத்தனை பேர்?

டிரைவரம்மா பேருந்தின் ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினால் லாரிக்காரனே ஒதுங்குவான். டெப்போவில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து ஊமையாகிவிட்டாள். குழந்தை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள். எல்லாம் யார் வீட்டுப் பிள்ளைக்கோ செய்கிற மாதிரி. தடுப்பூசி போட்ட நர்ஸ்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வீடியோ காலில் பேசும் மனநல ஆலோசகரின் எண்ணைக் கொடுத்தாள்.

இரண்டு முறை பேசியும் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆலோசகர் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமியார் முந்திரிக்கொட்டையாய்த் தலையை நீட்டுவார்.

"நாங்க நல்லா இருக்கோம்மா! பேத்தி கொழுகொழுன்னு இருக்கா, பாருங்க!"

கெட்ட மனசு இல்லை. கேள்வி குடும்பத்துக்கே என்று நினைத்தார். டிரைவரம்மாவும் "ஆமா, நல்லா இருக்கோம்" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். உண்மையைச் சொன்னால், இவளும் ஒரு தாயா என்று குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயம்.

இன்று காலை குழந்தை வீறிட்டபோது, அவள் வாசற்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். அப்படியே இறங்கிப் போய்விட வேண்டும்போல் இருந்தது. அவளுக்குத் தன்னைக் கண்டே பயம் வந்துவிட்டது. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று முடிவு கட்டினாள்.

சாயங்காலம் குழந்தையைக் கணவன் கையில் கொடுத்தாள். "கார் சாவி குடுங்க."

"எங்கே போறே?"

"எங்கேயும் போகல. உள்ளே உக்காந்து பேசப் போறேன்."

தெருவோரம் நின்ற காரில் ஏறிக் கதவைப் பூட்டினாள். பழக்க தோஷம், சீட் பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள். போனை எடுத்து ஆலோசகருக்கு வீடியோ கால் போட்டாள்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம்." சனியன் பிடித்த வாய், தானாகச் சொல்லிவிட்டது!

ஆலோசகர் சிரித்தார். "நான் மரியாதைக்கு 'நீங்க'ன்னு கேக்கறேன். நீங்க வீட்டையே சேர்த்துப் பதில் சொல்றீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு தடவை 'நீ'ன்னு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"நீ எப்படி இருக்கே?"

அந்த ஒற்றை எழுத்தில் ஒளிய இடமே இல்லை.

"நல்லா இல்லை. பாப்பாவைப் பார்த்தா ஒண்ணுமே தோணல. காலைல விட்டுட்டு ஓடப் பார்த்தேன்." விக்கி விக்கி அழுதாள்.

ஆலோசகர் அழ விட்டார். "உங்களையோ குழந்தையையோ ஏதாவது பண்ணிடணும்னு தோணுச்சா?"

"ஐயோ, இல்லை! எங்கேயாவது போயிடணும்னுதான்."

"இதுவும் ஒரு வியாதிதான். குணமாகும். இதுக்காகக் குழந்தையைப் பிடுங்க மாட்டாங்க. ஒரு டாக்டரையும் பார்த்துடலாம். ஆனா வீட்டுல தெரியணும். யார் சொல்றது?"

"நானே சொல்றேன்."

அவள் காரை விட்டு இறங்கி வந்தபோது மாமியார் வாசலிலேயே நின்றார். "என்ன சொன்னே? நல்லா இருக்கோம்னுதானே?"

"இல்லை அத்தை. நீங்க நல்லா இருக்கீங்க, பாப்பா நல்லா இருக்கா. நான் நல்லா இல்லை. டிரைவருக்குக் கண்ணு இருட்டினா வண்டியை ஓரங்கட்டணும். ஓரங்கட்டிட்டேன்."

மாமியார் வாயைத் திறந்தார். மூடினார். அடேயப்பா, அந்த வாயும் மூடும்! பிறகு மருமகளின் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"முழுசா சொல்லு. நான் குறுக்கே பேச மாட்டேன்."

சத்தியமாக, ஒரு வார்த்தை பேசவில்லை.