மாறிப்போன இரண்டு உறைகள்

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் இப்படித் தொடங்கினேன்: ‘2016 கோடை. தனபாக்கியம் அவசரத்தில் உறைகளை மாற்றி ஒட்டி…’

எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டினேன். என் வகுப்பில் படிக்கும் பவித்ராவின் அம்மா அவள்.

“நல்லாருக்கு டீச்சர் நியாயம்! மாத்தி ஒட்டுனது நீங்க, பழி எம்மேலயா?”

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

மைன்ஸ் ஓரத்து ஊர் அவர்களுடையது, நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டியே வீடுகள். தூசி கிளம்பினால் பவித்ராவுக்கு மூச்சு இழுக்கும். மாநில அலுவலகத்துக்குப் போனால், ‘அது சென்ட்ரல் விஷயம்மா’ என்று வாயாலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாலு வருஷமாக இதே கதை.

இரண்டு மனு எழுதினேன். டெல்லிக்கு: சுரங்கத்தை ஊர்ப்பக்கம் விரிக்காதீர்கள். மாநிலத்துக்கு: தூசியை அளந்து பாருங்கள்.

(சுரங்கக் கம்பெனியின் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவள் நான். குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் எங்களுக்கு ஒரே ஆபீஸ்தான். வெளியே இரண்டு அரசாங்கம் இருப்பதே மறந்துபோகும். எது எந்த உறைக்குள் போகிறது என்று பார்க்கவேயில்லை.)

3

மாநிலத்திலிருந்து பதில் வந்தது. ‘சுரங்கத்தை நிறுத்த அரசமைப்புச் சட்டப்படி எங்களுக்கு அதிகாரமில்லை. தூசியை அளப்பதும், அளவு மீறினால் நடவடிக்கை எடுப்பதும் மட்டுமே எங்கள் பொறுப்பு.’ கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது.

டெல்லிக்குப் போகவேண்டிய மனு மாநிலத்துக்குப் போய்விட்டது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

[இந்த இடத்தில் தனபாக்கியம் இடிந்துபோய் உட்கார்ந்தாள். அவள் கண்களில்… பொய். அவள் உட்காரவே இல்லை.]

கடிதத்தின் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

“அளக்கறது அவங்க வேலன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களா? இத்தினி நாளா வாயாலயே தட்டிக் கழிச்சிக்கினு இருந்தாங்க. இப்ப எப்படிக் கழிக்கறாங்கன்னு பாத்துடறேன்!”

அடேயப்பா, என்ன சிரிப்பு அது! தன்னால் எது முடியாது என்று எழுதுகிறவர், எது முடியும் என்றும் எழுதித்தானே ஆகவேண்டும்? குடிமையியல் நடத்துகிறவள் நான், எனக்குத் தோன்றவில்லை.

4

கதைக்கு இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். முடிவு ஒன்று: தூசி அளக்கும் கருவி பள்ளிக்கூட மாடிக்கு வருகிறது. பவித்ரா மைதானத்தில் ஓடுகிறாள்.

முடிவு இரண்டு: ‘அலுவலர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம்…’

“எதையும் எழுதாதீங்க டீச்சர். எழுதிட்டா, போய்ட்டு வந்துட்ட மாதிரி நமக்கே ஒரு நெனப்பு வந்துடும். அப்பறம் போவ மாட்டோம்.”

சரிதான். கீழே இடம் விட்டிருக்கிறேன், வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு நேரமில்லை. கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அந்த மாநில அலுவலகத்துக்குப் போக கடலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பவித்ராவும் வருகிறாள்.