வியாழக்கிழமை நாற்பது நிமிடம்

பானுமதியின் மகன் நவநீதன் "அம்மா" என்று சொன்ன அன்று எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்? திகுதிகுவென்று எரிந்தது.

திருச்சியில் அரசாங்கம் நடத்தும் குழந்தைகள் பயிற்சி மையம் அது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் இலவசப் பயிற்சி. ஸ்ரீரங்கத்திலிருந்து என் மகள் டெல்பினை இரண்டு வருஷமாகக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஐந்து வயதாகிறது, இன்னும் ஒரு வார்த்தை இல்லை. பானுமதி வையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். சேர்ந்து ஆறே மாதம். அதற்குள் அவன் பேசிவிட்டான்! ஆண்டவருக்குக் கண்ணே இல்லையா?

"டோரதிக்கா, உங்க பாப்பாவும் சீக்கிரம் பேசிடும் பாருங்க," என்றாள். இவளுடைய பரிதாபம் யாருக்கு வேண்டும்!

வியாழக்கிழமை நாற்பது நிமிடம், இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துத்தான் மஹ்ஜபீன் டீச்சர் சொல்லிக்கொடுப்பார். ஒரு பிள்ளை வராவிட்டால் முழு நேரமும் மற்றதற்கு. அந்த நினைப்பு மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. புதன்கிழமை போனை எடுத்தேன்.

"பானு, நாளைக்கு டீச்சர் லீவாம். வீணா பஸ் ஏறி அலையாதீங்க."

"நல்லவேளை சொன்னீங்கக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

மறுநாள் முழு நேரமும் டெல்பினுக்குத்தான். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் பந்தை உருட்டினார், பொம்மையைக் காட்டினார். இவள் எதையும் தொடவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த குட்டி நாற்காலியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"நவி."

"டோரதிம்மா, கேட்டீங்களா? பேசிட்டா!" டீச்சர் கத்தியே விட்டார்.

நான் உள்ளே ஓடி அவளைத் தூக்கிக்கொண்டேன். "அம்மா சொல்லு. என் தங்கம்ல, ஒரே ஒரு தடவை அம்மா சொல்லுடி," என்று கெஞ்சினேன். அவள் என் தோளுக்கு மேலாக வாசலையே பார்த்து "நவி, நவி" என்று அழுதாள்.

அப்போதும் எனக்குப் பொறாமைதான். ஐந்து வருஷமாக நான் தவம் கிடந்த முதல் வார்த்தை அந்தப் பயலுக்குப் போய்விட்டது. ஆனால் பிள்ளை அழுகிறதே, என்ன செய்வது? பானுவுக்கு போன் போட்டேன்.

"டீச்சர் லீவு இல்ல பானு. நான்தான் பொய் சொன்னேன்."

டெல்பின் என் தோளில் இன்னும் "நவி, நவி" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"அழுறது பாப்பாவாக்கா? யாரையோ கூப்பிடுதே?"

"உங்க பையனைத்தான்," என்று சொல்லி, போனை டெல்பினின் வாயருகே பிடித்தேன்.