ஆறு அடி

குனிமி சதாகடோவுக்கு நான் பதினான்கு வருடம் நாற்காலி தூக்கினேன். சிரிக்க வேண்டாம். தளபதி என்றால் வாளைச் சுழற்றிக்கொண்டு முன்னால் ஓடுவார் என்று நினைக்கிறவர்கள் போர்க்களத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள். தளபதியின் வேலை உட்கார்ந்திருப்பது. குண்டு வந்தாலும் அம்பு வந்தாலும், எல்லாரும் பார்க்கும்படி அசையாமல் உட்கார்ந்திருப்பது. நாற்காலி எங்கேயோ அங்கேதான் கொடி. எங்கள் கொடி கறுப்புத் துணியில் ஒரு வெள்ளை முள்ளங்கி. சண்டை போடுகிறவன் நடுநடுவே திரும்பிப் பார்ப்பான். முள்ளங்கி நின்றால் அவனும் நிற்பான்.

அந்த நாற்காலிக்குச் சாய்மானம் கிடையாது. குறுக்கே மடங்கும் கால்கள், மேலே ஒரு தோல், அவ்வளவுதான். மடக்கி முதுகில் மாட்டிக்கொள்வேன். பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதில் உட்கார்ந்ததில்லை.

காகக் கணவாயில் எங்களுக்குக் கொடுத்த வேலை கொடுமையானது. எங்கள் பிரபுவின் பெரும்படை தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அது ஆற்றைக் கடந்து முடிக்கும்வரை நாங்கள் முந்நூறு பேர் கணவாயை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். காலையிலிருந்து நின்றோம். உச்சி வெயிலில் குனிமி ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"மகோஹாச்சி, வயித்த கலக்குது. இதோ வந்துடறேன்."

கவசத்தோடு மறைவுக்குப் போய்வருவது லேசான காரியமில்லை. அவர் போன கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு மண்ணைக் கிளப்பியது. அடுத்தது தோலின் ஓரத்தைக் கிழித்தது. அவர் வந்து உட்கார்ந்தால் மூன்றாவது எங்கே பாயும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆறு அடி பின்னால் ஒரு தடித்த தேவதாரு மரம். நாற்காலியைத் தூக்கி அதன் மறைவில் போட்டேன்.

கொடிக்காரன் கிசுகே கேட்டான். "ஏன்டா நகத்துற? ஐயா சொன்னாரா?"

"ஐயா உசுரோட இருக்கணுமா வேணாமா?"

விதி விதிதானே, அவன் கொடியைப் பிடுங்கி நாற்காலியின் பின்னால் நட்டான்.

இடப்பக்கம் யாரோ ஒருவன் கத்தினான். "முள்ளங்கி பின்னால போகுது!" வரிசை கலைந்தது. திரும்பி ஓடப் பார்த்தவர்களின் முதுகில் எதிரியின் ஈட்டி இறங்கியது. பதினொரு பேர். அவர்கள் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஐயா இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டே வந்தார். ஒரு பார்வை பார்த்தார்.

"சோத்து உருண்டை இருக்கா?" என்றார்.

நாற்காலியைத் தன் கையாலேயே எடுத்தார். பழைய இடத்தைத் தாண்டி இன்னும் பத்து அடி முன்னால் நடந்தார். விரித்து உட்கார்ந்தார். கிசுகே கொடியோடு அவர் பின்னால் ஓடினான். நான் உருண்டையைக் கொடுத்தேன். ஏதோ கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிதானமாகச் சாப்பிட்டார். உள்ளே இருந்த உப்புப் பிளம் கொட்டையை எதிரி நின்ற திசையில் துப்பினார்.

"டேய், பெரியவரு இன்னும் சாப்பிட்டு முடிக்கலடா," என்றான் ஒருவன். "பந்தியில பாதியில எந்திரிச்சா நல்லாவா இருக்கும்?"

அந்த நிலைமையிலும் சிரித்தார்கள். சிரித்தவன் ஓடுவானா? வரிசை கூடியது. ஒரு அம்பு வந்து அவருடைய வலது தோளில் தைத்தது. உருண்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. பிரபுவின் படை முழுசாக அக்கரை சேர்ந்துவிட்டது. அப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பிரபுவின் விசாரணை அதிகாரி இனுபுசே வந்தார். உத்தரவில்லாமல் தளபதியின் நாற்காலியை நகர்த்தியவனுக்குத் தலை போகும், அதுதான் சட்டம். நான் மண்டியிட்டிருந்தேன்.

"உச்சி வேளையில கொடி ஆறு அடி பின்னால போயிருக்கு. யார் நகத்துனது?"

"நான் நகத்தச் சொன்னேன்," என்றார் ஐயா.

"எதுக்கு?"

"பயந்துட்டேன். எழுதிக்குங்க."

இனுபுசேயின் தூரிகை அந்தரத்தில் நின்றது. கட்டுப்போட்ட தோளோடு இருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதினார்.

அத்தோடு ஐயாவின் கையிலிருந்து படை போயிற்று. உப்புக் கிடங்கில் காவல் வேலை கொடுத்தார்கள். 'ஆறடி குனிமி' என்று பட்டப்பெயரும் கொடுத்தார்கள். சண்டைக்கே போகாமல் வீட்டில் கிடந்தவனெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏன்யா அப்படிச் சொன்னீங்க?"

"நீ எனக்காகத்தான நகத்துன? உனக்காக நகத்தியிருந்தா நானே உன் தலைய எடுத்திருப்பேன்." உப்பு மூட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார். "இப்ப போய் உளறுனேன்னா நான் பிரபுகிட்ட பொய் சொன்னவன் ஆயிடுவேன். நான் இருக்கறவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு."

பத்தொன்பது வருடம் மூடிக்கொண்டிருந்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் ஐயா போய்விட்டார். இன்று நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு. கோயிலில் ஒரு இளவட்டம், கணவாய்ச் சண்டையின்போது பிறந்தே இருக்காது, பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது. "ஆறடிக்கு இவ்வளவு கூட்டமா?"

நான் எழுந்தேன். கிழவர் இனுபுசேயும் அங்கேதான் இருந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அவரு ஒரு அடிகூடப் பின்னால போகல. அந்த ஆறு அடியும் என்னோடது. பதினொரு பேரும் என் கணக்கு."

இனுபுசே மெதுவாகச் சொன்னார். "காலைல ஆள் அனுப்பறேன். வீட்ல இரு."

வேறெங்கே போகப்போகிறேன்? வீட்டுக்கு வந்ததும், இத்தனை வருடமாக என்னிடமே இருந்த நாற்காலியை எடுத்துத் தூசி தட்டினேன். தோலின் ஓரத்தில் அந்தக் குண்டுக் கிழிசல் அப்படியே இருக்கிறது. காலையில் வாசலில் விரித்து, முதல் தடவையாக அதில் உட்காரப்போகிறேன். தெருவில் எல்லாரும் பார்க்கட்டும். இனுபுசேயின் ஆட்கள் வந்து சேரும்வரை நான் அசைய மாட்டேன்.