கயிற்றில் கேட்கும் கேள்வி

பல் டாக்டருக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. வந்தவர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்பார், "வலிக்காது" என்று பதிலையும் தாமே சொல்லிவிடுவார். க்ளினிக்கில் அது செல்லுபடியானது. மகன் காய்ச்சலில் போன பிறகு வீட்டிலும் அதையே செய்தார். மனைவியை யார் விசாரித்தாலும் முந்திக்கொண்டு, "தேறிட்டா, இப்ப பரவாயில்ல" என்பார். அவள் பக்கத்திலேயே மரம் மாதிரி நின்றிருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் அதுதான்.

அவருக்கு மலை கைகொடுத்தது, பொய் சொல்லக்கூடாது. ஞாயிறுதோறும் ஏறிப் பழகியதில் தூக்கம் திரும்பியது, பசி எடுத்தது. தனக்குக் கேட்ட மருந்து ஊருக்கே கேட்கும் என்று நினைக்கிற ரகம் அவர். மனைவியையும் சின்னக் குன்றுகளில் ஏற்றி இறக்கி, இப்போது பனிமலைக்கே கூட்டிவந்துவிட்டார். உச்சியில் நின்று ஒருமுறை வாய்விட்டு அழுதால் அவள் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பினார். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவரிடம் மிச்சம்.

மூவர் இடுப்பிலும் ஒரே கயிறு. முன்னால் வழிகாட்டிப் பெண், நடுவில் மனைவி, கடைசியில் டாக்டர். கிளம்பும் முன்பே வழிகாட்டி கறாராகச் சொல்லியிருந்தாள்: "நிக்கிற இடத்துல எல்லாம் எப்படி இருக்கீங்கன்னு கேப்பேன். அவங்கவங்க பதிலை அவங்கவங்கதான் சொல்லணும். ஒருத்தர் முடியலன்னாலும் மூணு பேரும் இறங்கிடுவோம். பதிலே வரலன்னா, அதுவும் முடியலதான்."

உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. வழிகாட்டி திரும்பினாள்.

"அக்கா, எப்படி இருக்கீங்க?"

"அவ நல்லாத்தான் இருக்கா," என்றார் டாக்டர் பின்னாலிருந்து.

"சார், உங்களக் கேக்கல."

மனைவி சொன்னாள். "முடியல. காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் முடியல. அவன் போன நாள்லேர்ந்தே முடியல. யாரும் என்னைக் கேக்கவே இல்ல."

"இறங்கலாம்," என்றாள் வழிகாட்டி.

டாக்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே! "இன்னும் கொஞ்ச தூரம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். பல் வைத்தியர் சொல்லக்கூடாத யோசனை. மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

இறங்கும்போது வரிசை மாறியது. டாக்டர் முன்னால், வழிகாட்டி கடைசியில். ஒரு சமதளத்தில் நின்றார்கள்.

"சார், நீங்க எப்படி இருக்கீங்க?"

'எனக்கென்ன' என்று சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. ஞாயிறுதோறும் மலைக்கு ஓடியது, வீட்டில் மகனின் காலிக் கட்டிலைப் பார்க்கப் பயந்துதான் என்று அப்போதுதான் உறைத்தது. அவளை அதோடு தனியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார்?"

அவருக்காகப் பதில் சொல்ல மனைவி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.