கட்டையண்ணன் செருகிய தீக்குச்சி

கத்திரியின் சலூனில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே எனக்குத் தலை வலிக்கும். வாய் ஓயாது அவனுக்கு. முடியை வெட்டுகிறானோ இல்லையோ, ஊர்க்கதையை வெட்டி எடுத்துவிடுவான். அப்படிப்பட்டவன் அன்று காலை என் வண்டியில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் கயிற்றுச் சுருளை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசித் தொலையேன்டா என்று முதல்முறையாக எனக்கே தோன்றியது.

அவன் அண்ணனைத் தேடித்தான் போனோம். உயிரோடு இருப்பார் என்ற நப்பாசை எதுவும் இல்லை. உடம்பை, அல்லது அதில் மிஞ்சியதை, எடுத்து வந்து அவர்கள் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன் என்னோடு வேலை பார்த்தவர். ஆலைகளில் கனமான இயந்திரங்களைப் பெயர்த்து இடம் மாற்றி வைக்கிற கூட்டம் நாங்கள். ஜாக்கி வைத்து இயந்திரத்தைத் தூக்கியதும் அடியில் மரக்கட்டைகளை அடுக்க வேண்டும். நீளவாக்கில் இரண்டு, அதன்மேல் குறுக்குவாக்கில் இரண்டு, மறுபடி நீளவாக்கில். அந்த வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. ஆறடி ஆளுக்குக் கட்டையண்ணன் என்று பெயர் வந்தது அப்படித்தான். அடுக்கி முடித்ததும் மேல்கட்டைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஒரு தீக்குச்சியை நிறுத்திச் செருகிவைப்பார். சுமை ஒரு மயிரிழை இறங்கினாலும் குச்சி ஒடியும். "குச்சி ஒடிஞ்சா கேள்வி கேக்காத, ஓடு" என்பார். வேறு எந்தக் கூட்டத்திலும் இந்தப் பழக்கத்தை நான் பார்த்ததில்லை.

விடுமுறை நாளானால் குகை குகையாகப் போய் நுழைவது அவருக்குப் பைத்தியம். போன மழைக்காலத்தில் தனியாக ஒன்றுக்குள் போனார். உள்ளே கல் சரிந்து வழி அடைத்துக்கொண்டது. மீட்புப் படை வந்தது. உள்ளே ஓடை இரைந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்கவில்லை. தோண்டத் தோண்ட மேலிருந்து கல் இறங்கியது. படையில் ஒருவருக்குக் கால் நசுங்கியது. அப்போது அதிகாரி கத்திரியைத் தனியே கூப்பிட்டு, தொடரவா நிறுத்தவா, குடும்பம் என்ன சொல்கிறது என்று கேட்டார். கத்திரி நிறுத்திவிடச் சொன்னான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே கேள்விதான். சலூனில் பாதி தலையில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்பான்.

"டேய், உடனே போயிருப்பான்ல? கல்லு விழுந்தப்பவே முடிஞ்சிருக்கும்ல?"

"ஆமாடா."

"அப்படின்னா நான் சொன்னது சரி. இல்லேன்னா அவனைக் கொன்னது நான்தான்டா."

இதைக் கேட்டாலே எனக்குக் கோபம்தான் வரும். போய்ப் பார்த்துவிடலாம், தண்ணீர் வற்றட்டும் என்று ஒருநாள் எரிச்சலில் சொல்லிவிட்டேன். வாய்தான் எனக்கு எமன்.

குகை வாயில் போட்டிருந்த கம்பிக் கதவுக்குக் கீழே மண் அரித்துப் போயிருந்தது. ஊர்ந்து நுழைந்தோம். உள்ளே தரை என்று ஒன்று இல்லவே இல்லை. கல்மேல் கல். வண்டி அளவில் ஒன்று, அலமாரி அளவில் ஒன்று, நடுவில் தலையளவு உருண்டைகள். எது எதைத் தாங்குகிறது என்று பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. ஒரு கல்லில் கை ஊன்றினேன். அது மெல்லத் தலையாட்டியது. எங்கோ அடியில் இன்னொன்று நகர்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"நான் மிதிச்ச கல்லையே மிதி. வேற கல்லுல கால் வச்சே, உன்னை இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

"விட்டுட்டுப் போ. எங்க குடும்பத்துக்கு அது பழக்கம்தானே" என்றான்.

எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் யாரையும் அறைய முடியாது.

ஓடை வற்றிக் கிடந்தது. அந்த அமைதியில் எங்கள் மூச்சே எங்களுக்குப் பெரிதாகக் கேட்டது. மழைக்காலத்தில் இப்படி இருந்திருந்தால் உள்ளேயிருந்து ஒருவன் நகத்தால் சுரண்டினால்கூடக் கேட்டிருக்கும். கத்திரியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மீட்புப் படை கைவிட்ட இடத்துக்கு வந்தோம். ஒரு பெரிய பலகைக்கல் சாய்ந்து வழியை மூடியிருந்தது. அதன் அடியில் சரளையும் சேறும் இறுகிக் கிடந்தன. குப்புறப் படுத்துக் கடப்பாரையால் குத்திக் குத்தி நான் கல்லை எடுக்க, கத்திரி பின்னால் வாங்கி வாங்கி அடுக்கினான். வெகு நேரம் ஆகும் என்று நினைத்திருந்தேன். ஒரு கை நீளம்கூடப் போயிருக்க மாட்டேன், கடப்பாரை சட்டென்று அந்தப் பக்கம் வெறுமைக்குள் போய்விட்டது.

"என்னடா, அதுக்குள்ள விட்டுருச்சா?" என்றான் கத்திரி.

"விட்டுருச்சு."

"அவங்க அத்தனை பேரு அவ்வளவு கஷ்டப்பட்டாங்களே?"

நான் தலையை உள்ளே விட்டேன். துவாரம் எனக்கே நெருக்கம். கத்திரியின் தொப்பைக்கு வாய்ப்பே இல்லை. அந்தக் குடும்பத்துச் சொத்தில் தொப்பை முழுவதும் தம்பிக்கும் உயரம் முழுவதும் அண்ணனுக்கும் போயிருந்தது.

"நீ இங்கயே இரு. தார்ப்பாயைத் தயாரா வச்சுக்க."

நான் ஊர்ந்தது ஒரு ஆள் நீளம். பக்கச் சுவர்கள் ஒழுங்காகத் தோண்டியவை என்பது பாதி வழியில்தான் புரிந்தது. தோண்டிய சரளை என் பக்கம் இல்லை. எல்லாம் உள்ளே, ஓர் ஓரமாகக் குவித்திருந்தது. இந்த வழியை உள்ளேயிருந்து ஒருவர் தோண்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் உடைத்தது மிச்சமிருந்த ஒரு கை நீளம் மட்டும்தான்.

உள்ளே எழுந்து உட்கார்ந்து விளக்கை மேலே திருப்பினேன். பலகைக்கல்லுக்கு அடியில் இரண்டு தூண்கள் நின்றன. தட்டைக் கற்களாகப் பொறுக்கி எடுத்து அடுக்கியவை. நீளவாக்கில் இரண்டு, குறுக்குவாக்கில் இரண்டு, ஆடாமல் இருக்க இடுக்குகளில் கல்சில்லுகள். ஒருநாள் இரண்டு நாளில் ஆகிற வேலை இல்லை அது. இடப்பக்கத் தூணின் உச்சியில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, ஒரு தீக்குச்சி நேராக நின்றது.

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. சத்தம் மட்டும் வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.

கட்டையண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குகையின் குளிர் அவரை உலர்த்தி வைத்திருந்தது. முகத்தை நான் பார்த்தேன், அதைப் பற்றி எழுத மாட்டேன். கையுறைகளின் விரல் நுனிகள் தேய்ந்து கிழிந்திருந்தன. அவர் மேல் ஒரு கல்லும் விழவில்லை.

"இருக்கானா?" கத்திரியின் குரல் துவாரம் வழியாக வந்தது.

"இருக்காரு."

"எப்படிடா இருக்கான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் 'டிக்' என்றது. கல் விரிசல்விட்ட சத்தம் இல்லை, அதைவிடச் சின்னது. விளக்கைத் திருப்பினேன். தீக்குச்சி நடுவில் ஒடிந்து தொங்கியது.

அடைப்பை எடுத்தபோது அது தாங்கியிருந்த சுமையும் சேர்ந்து தூண்கள்மேல் இறங்கியிருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இல்லாத எவனாக இருந்தாலும் அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தியிருக்க மாட்டான். எனக்குக் கை கால் எல்லாம் அவர் சொன்னபடியே வேலை செய்தன. அவரைத் தூக்க நேரமில்லை. ஏதாவது ஒன்றைக் கொண்டுபோக வேண்டுமே என்று இடுப்பைத் தடவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கிளை அவிழ்த்துப் பெல்ட்டை இழுத்தேன். அது சிரமமில்லாமல் வந்தது. துவாரத்தில் விழுந்து ஊர்ந்தேன். கத்திரி என் கைகளைப் பிடித்துப் பிடுங்கி எடுத்தான். எங்களுக்குப் பின்னால் பலகைக்கல் பெருமூச்சுவிட்டதுபோல் இறங்கி உட்கார்ந்தது. தூசி அடங்கியபோது துவாரம் இருந்த இடமே தெரியவில்லை.

கத்திரி கல்மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். அவன் கேட்கும் முன்பே சொன்னேன்.

"கல்லு விழுந்த உடனேயேடா. அவருக்குத் தெரிஞ்சே இருக்காது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் பெல்ட்டை என் கையிலிருந்து வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பொய் சொன்னதில் கொஞ்சமும் வருத்தமில்லை.

திரும்பும் வழியில் வெயில் ஏறியிருந்தது. அவன் பெல்ட்டை மடியில் விரித்து, சேற்றை விரலால் வழித்துக்கொண்டு வந்தான். கொஞ்சம் பேசவும் ஆரம்பித்தான்.

"இது நான் வாங்கிக் குடுத்ததுடா. பெரிய அளவா வாங்கிட்டேன்னு திட்டினான். கடைசி ஓட்டையிலதான் மாட்டுவான்."

அத்தோடு நிறுத்திக்கொண்டான். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் விரல் அந்தக் கடைசி ஓட்டையைத் தாண்டி ஓரிடத்தில் நின்றிருந்தது. அங்கே கடையில் போட்டது அல்லாத ஓர் ஓட்டை இருந்தது. கூரான எதையோ கொண்டு குத்தியது, ஓரளவு நேராகவே இருந்தது. அதற்கும் உள்ளே தள்ளி இன்னொன்று, கோணலாக, தடுமாறிய கை குத்தியது. பக்கிள் அழுத்திய தடம் அந்தக் கோணல் ஓட்டையில்தான் பதிந்திருந்தது.

இருட்டில் அவசரத்தில் அதை நான் கவனிக்கவில்லை. விரல் நுனி தேய்ந்த கையுறையை விட்டுவிட்டு வரும் அளவுக்கு எனக்கு மூளை இருந்தது, இதற்கு இல்லை.

"வண்டியை நிறுத்து" என்றான்.

நிறுத்தினேன். வீடுகளுக்குப் போய்ச் சவரம் செய்ய வைத்திருக்கும் பெட்டி எப்போதும் அவனோடு இருக்கும். அதைத் திறந்து கத்தியை எடுத்தான். அவன் பக்கிளை இடது கையில் பிடித்து, அதன் ஓரமாகப் பெல்ட்டின் தோலை நிதானமாக அறுத்தான். அறுத்த வாரைச் சுருட்டிப் பெட்டிக்குள் சீப்புகளுக்கு அடியில் வைத்து மூடினான்.

"அம்மா தையல்காரிடா. எங்க ஊசி ஏறியிருக்குன்னு பாத்த உடனே சொல்லிடுவாங்க."

"டேய், நான் வந்து..."

"அடைப்பு சட்டுனு விட்டப்பவே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆச்சு. நீ ஒண்ணும் சொல்லாத. போ."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா தையல் மெஷினிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். எங்கள் பின்னால் வேறு ஏதாவது வருகிறதா என்று ஒருமுறை பார்த்தார். கத்திரி பக்கிளை அவர் உள்ளங்கையில் வைத்தான். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"வார் எங்கடா?"

"மக்கிப்போச்சும்மா."

அம்மா என் பக்கம் திரும்பினார். "நீதானே தம்பி உள்ள போய்ப் பாத்தே? சொல்லு. எம்புள்ள கஷ்டப்பட்டானா?"

குகையில் சொன்ன அதே பொய்தான் தயாராக இருந்தது. அவர் கையிலிருந்த பக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்திரி ஒரு அடி முன்னால் வந்தான்.

"கல்லு விழுந்த உடனேயேம்மா. அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது."

என் வார்த்தைகள், அப்படியே. அம்மா பக்கிளை நெஞ்சோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எட்டி அவன் தலையைத் தடவினார்.

"அன்னிக்கு நீ நிறுத்தச் சொன்னியே, நல்ல வேலை செஞ்சேடா. இல்லேன்னா வீணா இன்னும் நாலு பேரு போயிருப்பாங்க."

"ஆமாம்மா" என்றான் கத்திரி.